எத்தனை சக்கரம், எந்தச் சக்கரம்?



ரோபோ என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது கை, கால், தலை, நெஞ்சில் மினுக்கும் சிவப்பு விளக்கு. சினிமா நமக்கு அப்படித்தான் காட்டிப் பழக்கியிருக்கிறது. எங்கள் பாட்டிகூட, "பேரன் பொம்மை மனுசன் செய்யறானாம், சோறு வடிக்குமா அது?" என்றுதான் கேட்டாள். ஆனால் போட்டிக்குப் போகிற ரோபோவுக்குத் தலையும் கிடையாது, முகமும் கிடையாது. அதற்கு முதன்முதலில் வேண்டியது கால்; அதாவது சக்கரம். எத்தனை சக்கரம், எந்த வகைச் சக்கரம், எங்கே பொருத்துவது என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிந்துவிட்டால் பாதி ரோபோ முடிந்த மாதிரி. இந்தக் கேள்விகளோடு நாங்கள் நாலு பேர் இந்த ஆண்டு மூன்று வாரம் குடித்தனம் நடத்தினோம் என்றால் மிகையாகாது. அந்தக் கதையையும், அதில் நான் கற்றுக்கொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் அணியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஒருவன் பாகலூர்க்காரன், வீட்டில் தெலுங்கு. ஒருவன் தளிக்காரன், வீட்டில் கன்னடம். எலக்ட்ரானிக்ஸ் துறைத் தோழி கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். நான் சூளகிரிப் பக்கம். சண்டை என்று வந்துவிட்டால் எங்கள் பட்டறையில் மூன்று பாஷையும் கேட்கும். ஓசூரில் இதெல்லாம் சகஜம்தானே!

நாங்கள் கலந்துகொண்டது ஒரு பொறியியல் கல்லூரி நடத்திய ரோபோ கால்பந்துப் போட்டி. மரப்பலகைத் தளம். ஒரு நேரத்தில் இரண்டு ரோபோக்கள் மோதும். எடை 8 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. நீளமும் அகலமும் 40 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. எதிராளியின் ரோபோவைத் தள்ளலாம், ஆனால் கவிழ்க்கக்கூடாது. விதிமுறைத் தாள் மொத்தம் நாலு பக்கம். அதை யாரும் படிக்காமலேயே அணி இரண்டாகப் பிரிந்துவிட்டது.

ஆசை காட்டிய சக்கரம்

பாகலூர்க்காரன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். அதில் ஒரு ரோபோ நேராகப் போகிறது, திரும்பாமலேயே நண்டு மாதிரி பக்கவாட்டில் போகிறது, குறுக்காகப் போகிறது, நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. "மச்சான், செஞ்சா இதைத்தான்டா செய்யணும்" என்றான். அதுதான் மெக்கானம் சக்கரம்.

இதைக் கண்டுபிடித்தவர் பெங்ட் இலோன் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர். 1970-களின் தொடக்கத்தில் மெக்கானம் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தபோது அவர் உருவாக்கியதால் சக்கரத்துக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிலும் பீப்பாய் வடிவத்தில் சின்னச்சின்ன உருளைகள் 45 டிகிரி சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். நாலு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார். எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதைப் பொறுத்து வண்டி எந்தத் திசையிலும் நகரும். பார்க்க மாயாஜாலம்தான். கணக்குப் பார்த்தால் எளிய விசைக் கூட்டல்.

சரி, விலையைப் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை பெங்களூருக்குப் பஸ் ஏறினோம். எல்லைக்காரர்களான நமக்கு இது ஒரு வசதி. அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகா. சில்க் போர்டு நெரிசலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் எஸ்.பி. ரோடு. மோட்டார், சென்சார், பேட்டரி, வயர் என்று அந்தச் சந்துகளில் கிடைக்காத எலக்ட்ரானிக்ஸ் சாமானே இல்லை. எங்களிடம் இருந்தது ரூ. 9,000. ஆளுக்கு இரண்டாயிரம், துறையில் சார்கள் சேர்ந்து கொடுத்தது ஆயிரம். என் பங்கு இரண்டாயிரம், அம்மா ரோஜாத் தோட்டத்தில் பூப்பறித்துச் சேர்த்த சீட்டுப் பணம். கடைக்காரர் நாலு மெக்கானம் சக்கரத்துக்குச் சொன்ன விலையைக் கேட்டதும் நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சக்கரம் வாங்கினால் மோட்டாருக்குக் காசு இருக்காது. மோட்டார் வாங்கினால் சக்கரத்துக்கு இருக்காது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. பொம்மசந்திரா வந்தபோது தோழிதான் வாயைத் திறந்தார். "சாதா சக்கரமே போடலாம்னு நாம முடிவு பண்ணப் போறோம், சரி. ஆனா அது நமக்குத் தேவைப்படாததாலயா, காசு இல்லாததாலயா? அதை மட்டும் யாராவது சொல்லுங்க."

நண்பர்களே, இந்தக் கேள்வி என்னை என்னமோ செய்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். பிளஸ் டூ போ, பிறகு பி.இ. போ என்றார் கணக்கு ஆசிரியர். வீட்டில் போட்ட கணக்கோ வேறு. மூன்று வருடத்தில் கைக்கு ஒரு வேலை என்றால் டிப்ளமோதான் என்று முடிவாயிற்று. கேட்பவர்களிடம் "எனக்கு மெஷின்னா ஆசை, அதான் பாலிடெக்னிக்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆசையும் உண்மை, காசு இல்லாததும் உண்மை. இதில் எது முடிவெடுத்தது? நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எப்போதும் தெரிவதில்லை. கையில் இல்லாததை "வேண்டாம்" என்று சொல்லிப் பழகிவிடுகிறோம். சக்கர விஷயத்திலாவது காரணத்தைத் தெரிந்துகொண்டுவிடவேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம் பிறந்தது.

ஏழு கல் ஆட்டம் சொன்ன பாடம்

பட்டறை சாரிடம் போய் நின்றோம். அவர் சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ரூல்ஸ் படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ரோபோகான் போட்டியைப் பற்றிச் சொன்னார்.

ஆசிய பசிபிக் நாடுகளின் ஒலிபரப்பாளர் சங்கம் நடத்தும் ரோபோகான் 2002-ல் டோக்கியோவில் தொடங்கியது. அதற்கு மூலம் ஜப்பான் நாட்டு வானொலி-தொலைக்காட்சி நிறுவனமான என்.எச்.கே. 1988-ல் தொடங்கிய போட்டி. அது யாருக்காகத் தொடங்கப்பட்டது தெரியுமா? 15 வயதில் சேர்ந்து 5 ஆண்டு படிக்கும் 'கோசென்' என்ற தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்காக. அதாவது கிட்டத்தட்ட நம்மைப் போன்றவர்களுக்காக! இன்றும் ரோபோகானில் பல்கலைக்கழகம், கல்லூரி ஆகியவற்றோடு பாலிடெக்னிக்கும் பங்கேற்கலாம். இந்தியாவில் இது 2008-லும் 2014-லும் புனேயில் நடந்தது. 2022-ல் புதுடெல்லியில் நடந்தது.

ஒவ்வொரு முறையும் நடத்தும் நாடு ஒரு விளையாட்டைத் தரும். 2008-ல் நம் நாடு தந்தது உறியடியை ஒத்த 'கோவிந்தா'. 2022-ல் தந்தது 'லகோரி'. பெயரைக் கேட்டதும் தளிக்காரன் துள்ளிக் குதித்தான். நாம் ஏழு கல் என்று விளையாடுவதைத்தான் அவன் தெருவில் லகோரி என்பார்கள். அடுக்கி வைத்த கல்லைப் பந்தால் அடித்துக் கலைக்கவேண்டும். எதிர்க்கட்சி பந்தால் அடிப்பதற்குள் மறுபடி அடுக்கவேண்டும். 2022 போட்டியில் ஏழு கல்லுக்குப் பதில் ஐந்து வட்டத் துண்டுகள். ஒரு அணிக்கு இரண்டு ரோபோ. ஒன்று பந்தெறிந்து கலைக்கும். மற்றொன்று கலைந்ததைப் பொறுக்கி அடுக்கும். அடுக்குகிற ரோபோவின் தலைமேல் ஒரு பந்து இருக்கும். எதிரணி அதைக் குறிவைத்து எறியும்.

"இப்ப சொல்லுங்க. எறியற ரோபோவுக்கு என்ன சக்கரம், அடுக்கற ரோபோவுக்கு என்ன சக்கரம்?" என்றார் சார்.

யோசித்துப் பார்த்தோம். அடுக்குகிற ரோபோ துண்டின்மேல் துண்டை நேராக வைக்கவேண்டும். இரண்டு சென்டிமீட்டர் இடது பக்கம் நகரவேண்டுமென்றால் சாதாரண வண்டி பின்னால் போய், திரும்பி, முன்னால் வந்து, மறுபடி திரும்பவேண்டும். அரிசி மண்டி வாசலில் லாரி ரிவர்ஸ் எடுப்பது போல. அதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். அந்த வேலைக்குப் பக்கவாட்டில் நகரும் சக்கரம் ஆடம்பரம் அல்ல, அவசியம். எறிகிற ரோபோவுக்கோ எறியும் நேரத்தில் ஆடாமல் அசையாமல் நிற்பது முக்கியம். ஒரே அணி, ஒரே ஆட்டம், ஆனால் இரண்டு ரோபோவின் தேவையும் வேறு வேறு. சக்கரத்தை முடிவு செய்வது கடைக்காரர் அல்ல, ரோபோ செய்யவேண்டிய வேலைதான்.

அன்று இரவு நாலு பக்க விதிமுறையையும் நாலு பேரும் வரி வரியாகப் படித்தோம். எங்கள் போட்டியில் அடுக்கும் வேலை இல்லை, குறிபார்க்கும் வேலை இல்லை. ஓடவேண்டும், திரும்பவேண்டும், தள்ளவேண்டும், தள்ளினால் தாங்கவேண்டும். இவ்வளவுதான்.

முக்காலியும் நாற்காலியும்

அடுத்து எத்தனை சக்கரம் என்ற கேள்வி. இதற்கு நம் பாட்டன் பூட்டன் காலத்திலேயே பதில் இருக்கிறது. மேடுபள்ளமான திண்ணையில் முக்காலியைப் போட்டுப் பாருங்கள், ஆடாது. நாற்காலியைப் போட்டால் ஒரு கால் தூக்கிக்கொள்ளும், கீழே அட்டையை மடித்து வைக்கவேண்டும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது புள்ளிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. ஆட்டோ ரிக்ஷாவின் மூன்று சக்கரமும் எந்தக் குழியிலும் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது இதனால்தான். வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழ்வதும் இதே மூன்றால்தான். ஒன்று கொடுத்தால் ஒன்றை வாங்கிக்கொள்ளும்.

ரோபோவிலும் மூன்று சக்கர அமைப்பு உண்டு. 120 டிகிரி இடைவெளியில் மூன்று 'ஆம்னி' சக்கரங்கள். இந்த வகைச் சக்கரத்துக்கு அமெரிக்காவில் 1919-லேயே கிராபோவிக்கி என்பவர் காப்புரிமை பெற்றிருக்கிறார். மெக்கானத்தில் உருளை சாய்ந்திருக்கும். ஆம்னியில் உருளை சக்கரத்தின் ஓட்டத்துக்குக் குறுக்கே, பக்கவாட்டில் உருளும்படி இருக்கும். மூன்று மோட்டார் போதும், எல்லாத் திசையிலும் போகும், மூன்றும் தரையைத் தொடும். ஆனால் நேராகப் போவதற்கே சைன், காஸ் போட்டு ஒவ்வொரு மோட்டாருக்கும் வேகம் பிரித்துக் கொடுக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் எளியது இரண்டு மோட்டார் சக்கரமும் ஒரு காஸ்டர் சக்கரமும். செலவு குறைவு, திரும்புவது சுலபம். ஆனால் முன்னால் போய்க்கொண்டிருந்து சட்டென்று பின்னால் வந்தால் காஸ்டர் அரைவட்டம் சுற்றும். அந்த நேரத்தில் ரோபோவின் பின்புறத்தை ஒரு பக்கம் உதைத்துவிடும். கால்பந்தில் நிமிடத்துக்குப் பத்துமுறை முன்னே பின்னே போகவேண்டுமே! அதனால் அதைக் கைவிட்டோம். மிஞ்சியது நாலு ரப்பர் சக்கரம், நாலு மோட்டார்.

தேர் திரும்புவது எப்படி?

நாலு சக்கரத்தையும் நேராகக் கட்டிவிட்டால் திரும்புவது எப்படி? காரில் ஸ்டீரிங் இருக்கிறது, முன்சக்கரம் வளைகிறது. இங்கே எதுவும் வளையாது. இந்தச் சந்தேகம் வந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம் ஊர்த் தேர்தான்.

மார்ச் மாதம் ஓசூர் தேர்ப்பேட்டையில் சந்திரசூடேசுவரர் தேரோட்டம் பார்க்காதவர் நம்மில் யார்? வடம் பிடிக்கும் கூட்டத்தை எல்லோரும் பார்ப்போம். சக்கரத்துக்கு அருகில் குனிந்தபடியே ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்கள் கையில் இருப்பது முட்டுக்கட்டை. தேரின் அச்சு வளையாது. ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் திரும்பும். வாழ்க்கையில் முட்டுக்கட்டை போடாதே என்கிறோம். தேருக்கு அது இல்லாவிட்டால் நிலைக்கே வந்து சேராது!

நாலு சக்கர ரோபோவும் இப்படியேதான். இடது பக்க இரண்டு மோட்டாரையும் பின்னோக்கியும் வலது பக்க இரண்டையும் முன்னோக்கியும் சுற்றினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். ஆனால் திரும்பும்போது நாலு சக்கரமும் பக்கவாட்டில் தரையைத் தேய்க்கும். கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் பல அச்சு லாரி வளையும்போது பின் டயர்கள் 'கிரீச்' என்று முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தேய்ப்புதான் எங்கள் எதிரி. திருவாரூர் ஆழித்தேர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இரும்புச் சக்கரம் பூட்டிய அந்தப் பெரிய தேரை வீதி முனையில் திருப்பும்போது, சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடுகளைப் போட்டு, அதன்மேல் கிரீஸ் தடவி வழுக்கவிட்டுத் திருப்புவார்கள். திரும்பும் இடத்தில் மட்டும் உராய்வைக் குறைப்பது. எவ்வளவு நுட்பமான பொறியியல்!

எங்களால் போட்டித் தளத்தில் கிரீஸ் தடவ முடியாது. ஆகவே கணக்குப் போட்டோம். முதலாண்டில் நாம் அலுத்துக்கொண்டே படித்த சாய்தளக் கணக்கு இங்கேதான் கைகொடுத்தது. சக்கரங்களைச் சுற்றாமல் கட்டி, வண்டியைப் பிளைவுட் பலகைமேல் வைத்துப் பலகையை மெல்ல மெல்லத் தூக்கினோம். 31 டிகிரியில் வண்டி வழுக்கியது. அந்தக் கோணத்தின் டேன் மதிப்பு 0.6. அதுவே உராய்வுக் கெழு.

8 கிலோ வண்டி, நாலு சக்கரம். ஒரு சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 20 நியூட்டன். அது தரையைப் பிடிக்கும் உச்ச வலு 12 நியூட்டன். திரும்பும்போது தேய்ப்பு விசை, முன் பின் சக்கரங்களுக்கு இடையிலுள்ள நீளத்தை நெம்புகோலாகக் கொண்டு எதிர்க்கிறது. மோட்டார் விசை, இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தை நெம்புகோலாகக் கொண்டு திருப்புகிறது. நீளம் 36 சென்டிமீட்டர், அகலம் 24 என்று வைத்தால், ஒரு சக்கரம் தரவேண்டிய விசை 12 × 36 ÷ 24, அதாவது 18 நியூட்டன். தரையின் பிடியே 12 தான்! எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் சக்கரம் வழுக்குமே தவிர வண்டி ஒழுங்காகத் திரும்பாது. தத்தித் தத்தித் துள்ளும். அதையே மாற்றி நீளம் 24, அகலம் 36 என்று வைத்தால் 12 × 24 ÷ 36, அதாவது 8 நியூட்டன். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு இது சுமார் 4 கிலோ-சென்டிமீட்டர் முறுக்கு. சாதாரண 300 ஆர்.பி.எம். மோட்டாரே இழுத்துவிடும், வேகமும் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் கிடைக்கும்.

அதே மோட்டார், அதே சக்கரம், அதே காசு. வண்டியைக் குறுக்கே திருப்பிப் போட்டதுதான் வித்தியாசம். அந்த இரவு நோட்டில் இந்த இரண்டு வரியையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்!

அப்பா சொன்னது

எங்கப்பா சிப்காட்டில் ஒரு குடோனில் லோடுமேன். நான் காலேஜில் என்ன படிக்கிறேன் என்று அவர் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. அவருக்குப் புரியாது என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன் போலும். ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருந்தபோது, "என்னடா தம்பி அது, டிராலியா?" என்றார். எல்லாப் பக்கமும் போகிற சக்கரம் ஒன்று இருக்கிறது என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எங்க குடோன்லயும் ரெண்டு மாதிரி வண்டி இருக்கு. நாலு சக்கரமும் சுத்தற வண்டி காலியா இருக்கறப்ப சுண்டு விரல்ல தள்ளலாம். லோடு ஏத்தினா நம்ம பேச்சைக் கேக்காது. யாராச்சும் இடிச்சா அந்தப் பக்கமே போயிடும். சரிவுல நாம அதை ஓட்டல, அது நம்மள ஓட்டும். அதனால கனமான சரக்குக்கு ரெண்டு சக்கரம் கட்டிப்போட்ட வண்டியைத்தான் எடுப்போம். எல்லாப் பக்கமும் போறது எல்லாப் பக்கமும் தள்ளுப்படும்டா."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தள்ளினால் தாங்கவேண்டும் என்பதுதானே எங்கள் விதிமுறையின் உயிர்நாடி! மறுநாள் தோழி அதைக் கணக்காக்கிக் காட்டினார். ரப்பர் சக்கரத்தில் நாலுக்கும் சேர்த்துத் தள்ளும் வலு 48 நியூட்டன். அதே எடை, அதே உராய்வில் மெக்கானம் சக்கரம் முன்னோக்கித் தரக்கூடியது சுமார் 34 தான். உருளை 45 டிகிரி சாய்ந்திருப்பதால் மீதி வலுவில் இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சமன் செய்துவிடுகின்றன. பக்கவாட்டில் இடித்தால் ரப்பர் முரண்டு பிடிக்கும். உருளையோ உருண்டு, மோட்டாரையும் சுழற்றிக்கொண்டு வழிவிடும். குடோனில் முப்பது வருடம் வண்டி தள்ளிய கை சொன்னதும் காஸ் 45 சொன்னதும் ஒன்றே.

பஸ்ஸில் தோழி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருந்தது. எங்களிடம் காசு இல்லை என்பது உண்மை. ஆனால் லட்ச ரூபாய் இருந்திருந்தாலும் இந்தப் போட்டிக்கு இதே சக்கரத்தைத்தான் போட்டிருப்போம். பாகலூர்க்காரன்கூட, "சரிடா, ஒத்துக்கறேன். ஆனா லகோரின்னா மெக்கானம்தான்" என்றான். நாங்களும் ஒத்துக்கொண்டோம். மிச்சமான காசில் இரண்டு உபரி மோட்டாரும் நல்ல பேட்டரியும் வாங்கினோம்.

களத்தில்

போட்டிக்கு வந்த ரோபோக்களைப் பார்த்ததும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. பளபளவென்று மெக்கானம் பூட்டியவை மூன்று. எங்களுடையது எம்.எஸ். ஆங்கிளில் நாங்களே வெட்டி வெல்டிங் வைத்தது. அகலமாய், குட்டையாய், தவளை மாதிரி உட்கார்ந்திருந்தது. "இது என்ன, ஸ்டூலா?" என்று ஒருவர் கேட்டது காதில் விழத்தான் செய்தது.

முதல் ஆட்டத்தில் எதிராளி மெக்கானம். பலகைகள் சேரும் இடத்தில் ஒரு நூல் மேடு இருந்தது. அதில் ஏறும்போதெல்லாம் அதன் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றது. நாலு சக்கரமும் தரையைத் தொட்டால்தான் அதன் திசைக் கணக்கு பலிக்கும். மூன்று மட்டும் தொட்டால் வண்டி கோணலாக இழுத்துக்கொண்டு போகும். நாற்காலிக் கதைதான்! எங்கள் தவளை அதைப் பந்தோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது. இரண்டாவது ஆட்டமும் நமக்கே. அரையிறுதியில் மூன்று ஆம்னி சக்கரம் போட்ட ஓர் அணி எங்களை 3-2 என்று வென்றது. அவர்கள் எங்களோடு மோதவே இல்லை. நாங்கள் தள்ள வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பாமலே விலகி, பந்தைச் சுற்றி வளையமிட்டுக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆட்டம் முடிந்து அவர்களோடு டீ குடித்தோம். திருப்பத்தூர்ப் பக்கத்து டிப்ளமோ மாணவர்கள். அவர்கள் நோட்டைக் காட்டினார்கள். பக்கம் பக்கமாகக் கணக்கு. "தள்றதுல ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் தப்பிக்கிற மாதிரி செஞ்சோம்" என்றார்கள். அதே நாலு பக்க விதிமுறை, வேறொரு விடை. இரண்டு விடையும் சரி. தோற்ற வருத்தம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நோட்டைப் பார்த்தபிறகு கை கொடுக்க மனம் தயங்கவில்லை.

நிலாவில் ஓடிய சக்கரம்

நண்பர்களே, இது ஏதோ கல்லூரி விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவின் தென்துருவப் பகுதிக்கு அருகில் இறங்கியது. அதிலிருந்து உருண்டு வந்த பிரக்யான் ஊர்தியின் எடை 26 கிலோ. வேகம் வினாடிக்கு 1 சென்டிமீட்டர்தான். எறும்புகூட முந்திவிடும்! ஆனால் அதற்கு ஆறு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். கற்கள்மேல் ஏறும்போதும் எல்லாச் சக்கரமும் தரையைத் தொடும்படி நெம்புகோல் போன்ற கைகளில் பூட்டியிருந்தார்கள். 1997-ல் செவ்வாயில் ஓடிய அமெரிக்காவின் சோஜர்னர் ஊர்தியிலும் இதே அமைப்புதான். பிரக்யான் திரும்புவதோ இடது வலது சக்கரங்களின் வேகத்தை மாற்றித்தான். நம் தேர் போல, எங்கள் தவளை போல. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறைகள் நிலா மண்ணை ஒத்திருப்பதால், அந்த மண்ணை வாங்கிப் பரப்பித்தான் இஸ்ரோ தன் சோதனைத் தளத்தை அமைத்தது.

அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். தந்தை ரயில்வேயில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவர். அவர் பத்தாவது முடித்து முதலில் சேர்ந்தது எது தெரியுமா? மெக்கானிக்கல் டிப்ளமோ. அங்கிருந்துதான் பி.இ., எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் என்று போனார். டிப்ளமோ என்பது முட்டுச்சந்து அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எனக்கு இன்னும் விடை தெரியாத கணக்கு ஒன்று உண்டு. வேலைக்குப் போவதா, இரண்டாமாண்டு பி.இ.யில் நேரடியாகச் சேர்வதா? தங்கை ஒன்பதாவது படிக்கிறாள். அவள் படிப்பையும் கணக்கில் சேர்க்கவேண்டும். முன்பென்றால் "எனக்கு வேலைக்குப் போகத்தான் ஆசை" என்று சொல்லி முடித்திருப்பேன். இப்போது அப்படிச் சொல்லவில்லை. கல்விக் கட்டணம் எவ்வளவு, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை எவ்வளவு, பகுதிநேர பி.இ. கிடைக்குமா, சம்பளம் எவ்வளவு வரும் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் எழுதுகிறேன். எந்த விடை வந்தாலும் அது நான் போட்ட கணக்காக இருக்கும்.

இளைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு நீங்கள் போட்டிக்குப் போகும்போது கடைக்குப் போவதற்கு முன் விதிமுறையைப் படியுங்கள். பலகையைச் சாய்த்து உராய்வை அளந்து பாருங்கள். அகலத்தையும் நீளத்தையும் தாளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். தாளில் மாற்றக் காசு ஆகாது. வண்டி தள்ளுகிறவர், லாரி ஓட்டுகிறவர், தேருக்குக் கட்டை போடுகிறவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவரிடம் கேளுங்கள். அதன்பிறகு விலை உயர்ந்த சக்கரம்தான் வேண்டும் என்று கணக்கு சொன்னால், தயங்காமல் போய்க் கேளுங்கள். சார்கள் உதவுவார்கள், நாங்களும் உதவுவோம். வேண்டாம் என்று கணக்கு சொன்னால் தலைநிமிர்ந்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எங்கள் வண்டியின் சட்டமும், இரண்டு உபரி மோட்டாரும், கணக்கு நோட்டும் மெக்கானிக்கல் பட்டறையில் மூன்றாவது அலமாரியில் இருக்கின்றன. சாவி பட்டறை சாரிடம். மோட்டாரில் ஒன்றுக்குக் கார்பன் பிரஷ் மாற்றவேண்டும்; மற்றதெல்லாம் ஓடும் நிலையில்தான் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.



— மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை